வெள்ளிக்கிழமைக்காரர்கள்

ஜேசுராஜ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ. சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, முழங்காலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதையும் மீறிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய உரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த கை. திருகாணி முடுக்குகிற நிதானம் வெங்காயத்திலும் இருந்தது.

"இன்னாங்க, இன்னும் பாதிகூட முடியலியா? மணி எட்டரை ஆவுது" என்றாள் ஞானகுமாரி, கறியைக் கழுவிக்கொண்டே.

"முடியும் முடியும். மஸ்கட்ல இருவது பேருக்கு உரிச்சவன் நானு. இங்க இன்னா, அஞ்சு பேரு."

"அங்க நாலு ஆம்பளைங்க சேந்து உரிச்சீங்க. என்னமோ ஒத்த ஆளா உரிச்ச மாதிரி பேசாதீங்க."

அவர் மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு அவளோடு வம்புக்கு நிற்கிற நாள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். மகன் மேக்ஸ்வெல் மஸ்கட்டிலேயே வேலையில் இருக்கிறான். அவனும் மனைவி பெனிஷாவும் வீடு மாற்றுகிறார்கள். ஒரு படுக்கையறை உள்ள வீடா, இரண்டு உள்ள வீடா என்று சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் வந்து கூடவே இருப்பதானால் இரண்டு, இல்லையென்றால் ஒன்று. "நீங்க சொல்லுங்கம்மா" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஞானகுமாரிக்குப் போகவேண்டும். ஜேசுராஜுக்குக் கோவில்பதாகையில் கட்டிய இந்த வீட்டை விட்டு நகர மனசில்லை. ஒவ்வொரு செங்கல்லும் தான் மாட்டிய ஒரு கம்ப்ரசர் என்பார்.

கடைசியில் ஞானகுமாரிதான் ஒரு நிபந்தனை வைத்தாள். "வெள்ளிக்கிழமை நாலு பேர சாப்பிடக் கூப்புடறேன். வந்தவங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'அடுத்தது எங்க ஊட்ல'ன்னு நாள் சொல்லிக் கூப்புட்டா நான் இங்கியே இருந்துடறேன். இல்லேன்னா ரெண்டு பெட்ரூம்."

அதனால்தான் ஜேசுராஜ் சிணுங்காமல் உரித்தார். ஒரு சொத்தை வெங்காயம்கூட உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டார்.

ஞானகுமாரி மேனாம்பேட்டில் பிறந்தவள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். தொண்ணூற்றொன்பதில், மூன்று வயது மேக்ஸ்வெல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு மஸ்கட்டில் இறங்கியபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அந்த ஊரின் ரூவிப் பகுதியில் நாலாவது மாடி வீடு. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருக்கும். ஜேசுராஜ் விடியற்காலை போனால் இருட்டியபிறகு வருவார். வெயில் காலத்தில் விடுமுறை நாளிலும் கம்பெனி ஆள் வந்து கூட்டிப்போய்விடுவான். ஒன்றரை வருஷம் அவள் பேசியது முழுக்க மேக்ஸ்வெல்லிடம். அவனோ எதைச் சொன்னாலும் கடைசியில் பால் கேட்பான்.

அந்த ஊரில் விடுமுறை வெள்ளிக்கிழமை. நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை அங்கே வெள்ளிக்கிழமை நடக்கும். தமிழ்ப் பூசை முடிந்ததும் பெண்கள் கோவில் முற்றத்தில் ஐந்து நிமிஷம் நின்று பேசுவார்கள். அதற்குள் வெயில் உச்சந்தலையைப் பிளக்கும். அவரவர் வீட்டுக்கு எப்படிப் போவது என்கிற கவலையில் கலைந்துவிடுவார்கள். ஞானகுமாரி இதை ஒரு வருஷம் கவனித்தாள். கார் உள்ளவர்களைச் சுற்றி மட்டும் கூட்டம் நின்றது. சரி, நமக்கு வேண்டியது லைசென்ஸ் என்று முடிவுக்கு வந்தாள்.

மேனாம்பேட்டில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியிராதவள். மஸ்கட்டில் லைசென்ஸ் வாங்குவது எம்.ஏ. பாஸ் பண்ணுவதைப் போல. இரும்பு டிரம்களை நட்டுவைத்து, அவற்றுக்கு நடுவே பின்பக்கமாகவே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார்கள். ஒரு டிரம்மைத் தொட்டாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஞானகுமாரி நாலு தடவை தொட்டாள். "நாலு டிரம்ம நசுக்கிட்ட. அஞ்சாவது வாட்டி வழி தானா தொறந்துரும்" என்றார் ஜேசுராஜ். திறந்தது.

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய கொரோலா ஒன்றை வாங்கினார்கள். அதன் ஏ.சி.யை ஜேசுராஜே பிரித்து மாட்டினார். மஸ்கட்டிலேயே அதிகமாகக் குளிரும் கார் அதுதான் என்று பேர் வாங்கிவிட்டது. பிறகென்ன, "ஞானம், ஒரு சீட்டு காலியா இருக்கா?" என்று வெள்ளிதோறும் குரல்கள். பள்ளிக்கூட நர்ஸ் ஏலியம்மா, மலையாளி. முடிவெட்டும் கடையில் வேலை பார்த்த மரிடெஸ், பிலிப்பைன்ஸ்காரி. இன்னும் நாலைந்து பேர். வீட்டு வாசலில் இறங்கியவர்கள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே போனால் சாப்பாடு. அப்படியே வெள்ளிக்கு ஒரு வீடு என்று முறை வந்துவிட்டது. முதல் தடவை ஆண்கள் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, ஏலியம்மா ஒரு மூட்டை வெங்காயத்தை அவர்கள் நடுவில் கொண்டுவந்து கொட்டினாள். "தின்னணும்னா கரையணும்" என்றாள் தன் அரைத் தமிழில். மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. அன்றிலிருந்து வெங்காயம் ஆண்கள் வேலை என்பது சட்டம்.

எல்லோரும் தேவதைகள் என்று இல்லை. ஒரு குக்கர் வளையத்துக்காக ஏலியம்மாவும் மரிடெஸும் ஏழு மாதம் பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு மாதமும் ஒருத்தி முன் சீட்டிலும் ஒருத்தி பின் சீட்டிலுமாக இதே காரில்தான் வந்தார்கள். வேறு ஊராக இருந்தால் வேறு சிநேகிதம் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். அங்கே யாருக்கும் ஆள் மிச்சமில்லை. இருப்பவர்களை வைத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும்.

இருபத்துநாலு வருஷம் ஓடியது. ஜேசுராஜுக்கு அறுபது முடிந்ததும் திரும்பி வந்தார்கள். மேனாம்பேட்டில் அவளுக்கென்று யாரும் மிச்சமில்லை. அப்பா அம்மா போனபிறகு அண்ணன் அந்த வீட்டை விற்றுக்கொண்டு மகளோடு பெங்களூர் போய்விட்டார்.

கோவில்பதாகையில் ஜேசுராஜுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. ஏரிக்கரை நடை, அது முடிந்து டீக்கடை, அங்கே நாலு பேர். ஞானகுமாரிக்கு இரண்டு வருஷமாகியும் சிநேகிதம் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுப் பத்மா நல்லவள். புருஷன் பாஸ்கரன் டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இங்கே வீடு கட்டியவர்கள். "சாப்டாச்சா மேக்ஸ்வெல் அம்மா?" என்று தினமும் கேட்பாள், பதில் வருவதற்குள் உள்ளே போய்விடுவாள். அவளுக்குக் குவார்ட்டர்ஸ் சிநேகிதிகள் ஒரு பட்டாளம். கோவிலில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் போனால், தலைவி பேபி அக்கா அன்பாகத்தான் நாற்காலி போடுகிறாள். ஆனால் அங்கே இருப்பவர்கள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானஸ்நானத்தில் ஞானத்தாய். இங்கே யாருக்கும் ஆள் குறையவில்லை. பஸ்ஸில் எல்லா சீட்டிலும் ஏற்கெனவே கைக்குட்டை போட்டிருந்தது.

காரும் ஒன்று வாங்கித்தான் நிறுத்தியிருந்தார்கள். மஸ்கட்டில் சாலையின் வலது பக்கம் ஓட்டியவள், இங்கே முதல் நாளே ஏரி வளைவில் பழக்க தோஷத்தில் வலது பக்கம் ஏறி ஒரு தண்ணீர் லாரிக்கு நேரெதிரே போய் நின்றாள். லாரிக்காரன் சொன்ன வார்த்தையை ஜேசுராஜிடம்கூட அவள் முழுசாகச் சொல்லவில்லை. அதன்பிறகு வண்டி போர்வைக்குள்ளேயே இருந்தது. பேட்டரி செத்துவிடக்கூடாது என்று வாரம் ஒருநாள் ஜேசுராஜ் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். சாவி சுவரில் தொங்கும்.

பன்னிரண்டரைக்குப் பிரியாணி தம் முடிந்தது. வஞ்சிர மீன் வறுத்து அடுக்கியாயிற்று. ஞானகுமாரி முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்கும் பத்மாவும் பாஸ்கரனும் வருவதற்கும் சரியாக இருந்தது. பத்மா தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் முடிந்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வாசற்படி ஏறினாள். ஏறியவள் நின்றுவிட்டாள்.

"என்ன வாசனை மேக்ஸ்வெல் அம்மா?"

"மட்டன் பிரியாணிங்க. வாங்க, ஒக்காருங்க."

பத்மா புருஷனைப் பார்த்தாள். பாஸ்கரன் மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்ல, வெள்ளிக்கிழமை..." என்று இழுத்தாள் பத்மா.

"ஆமாங்க, வெள்ளிக்கிழம தானே எல்லாரும்..." என்று சொல்லிக்கொண்டே வந்த ஞானகுமாரிக்குப் பாதியில் நாக்கு நின்றது.

எல்லாரும் என்ன? இந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை யார் வீட்டில் கறி எடுப்பார்கள்? காலையில் ஏழெட்டு வாசலில் மாக்கோலம் பார்த்துக்கொண்டேதான் பால் வாங்கி வந்தாள். சாம்பிராணிப் புகை சன்னல் வழியாக வந்துகொண்டேதான் இருந்தது. எல்லாம் கண்ணில் பட்டது, மூக்கில் ஏறியது. ஆனால் இருபத்துநாலு வருஷத்து வெள்ளிக்கிழமை அவள் கையில் இருந்தது. கை பாட்டுக்குச் செய்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பேபி அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஞானம்! இன்னிக்கு மாசத்து மொத வெள்ளிடி, கறி தொடக்கூடாது! காலைலேர்ந்து கஞ்சித் தண்ணிதான் குடிச்சிருக்கேன். சாம்பார் வெச்சிருப்ப, ஒரு புடி புடிக்கலாம்னு இல்ல வந்தேன்? நீ இன்னாடான்னா ஆட்டையே அறுத்து வெச்சிருக்கே!"

"எனக்கு வெரதம்லாம் கெடையாதுங்க" என்றார் பாஸ்கரன், மெதுவாக.

"உங்கள யாரும் கேக்கல" என்றாள் பத்மா.

ஜேசுராஜுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. வெள்ளிக்கிழமை கறிக்கடையில் கூட்டமே இல்லை, நல்ல தொடைக்கறியாகக் கேட்டு வாங்கலாம் என்று இரண்டு வருஷமாக அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் ஏன் இல்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பத்மாவே சமாளித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாதமும் ரசமும் கோஸ் பொரியலும் எடுத்து வந்து அதே மேசையில் வைத்தாள். பேபி அக்காவும் அதையே சாப்பிட்டாள். ஞானகுமாரி தன் வீட்டு விருந்தில் பத்மா வீட்டு ரசத்தைப் பரிமாறினாள். பாஸ்கரனுக்கு ஒரு டப்பா நிறையப் பிரியாணி கட்டிக்கொடுத்தாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் ஃபிரிட்ஜ்ல தாங்குமாங்க?" என்று அவர் கவலையோடு விசாரித்தார். சிரிப்புக்குக் குறைவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை.

கிளம்பும்போது பத்மா, "ஒருநாள் நீங்களும் நம்ம வீட்டுக்கு வரணும்" என்றாள்.

ஒருநாள். நாள் சொல்லாத அழைப்பு. பேபி அக்கா அதுவும் சொல்லவில்லை. "சாயந்திரம் ஆராதனைக்கு வந்துடு" என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

ஞானகுமாரி பிரியாணி அண்டாவை மூடினாள். மேலே இருந்து ஒரு கரண்டிகூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை.

"மேக்ஸ்வெல்லுக்குப் போன் போடுங்க. ரெண்டு பெட்ரூம்னு சொல்லிடுங்க."

"அவனே சாயந்திரம் போடுவான்" என்றார் ஜேசுராஜ், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்த வீட்டில் பிரியாணி சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

இரண்டரை மணிக்கு வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். முக்குத் திருப்பத்தில் மாவு அரைத்து விற்கிற சரசா. ஐம்பது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகி, கையில் உலர்ந்த மாவோடு நின்றாள். ஞானகுமாரி வாரம் இரண்டு தடவை அவளிடம் இட்லி மாவு வாங்குகிறவள்தான். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வருவதோடு சரி.

"யக்கா, மாவு குடுக்க வரல. ஒண்ணு கேக்கணும். நீங்க எங்கேந்து வந்தீங்க? குவைத்தா, சவூதியா?"

"மஸ்கட். ஏம்மா?"

"நென்ச்சேன்!" சரசா கேட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். "கறிக்கடைக்காரு சொல்லிகினே இருப்பாரு, வெள்ளிக்கெழம மொத ஆளா ஒரு பெரியவரு வராருன்னு. இன்னிக்கு என்னாடான்னா தெரு முக்கு வரிக்கும் பிரியாணி வாசன. கல்ப்லேந்து வந்தவங்கள மூக்காலயே கண்டுபுடிச்சிரலாம்க்கா. நானு குவைத்து. பதினோரு வருசம். மாரியாத்தா இன்னா நென்ச்சாலும் சரி, வெள்ளிக்கெழம கறி துன்னாம எனக்குத் தூக்கம் வராது."

ஞானகுமாரி கேட்டைத் திறந்தாள். "உள்ள வா. சாப்புட்டியா?"

"எங்க சாப்டறது? அதுக்குத்தான் வந்துகினு கீறேன்" என்றாள் சரசா, சிரிக்காமல்.

அவள் சாப்பிட்ட அழகைப் பார்க்கவே ஜேசுராஜ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதல் தட்டு முடிகிறவரை அவள் தலை நிமிரவில்லை.

"குவைத்துல நீங்கள்லாம் வெள்ளிக்கிழமை எங்க கூடுவீங்க?" என்று கேட்டாள் ஞானகுமாரி.

"எங்க கூடறது? உங்களுக்கு அன்னிக்கு லீவு. நானு ஊட்டு வேலைக்குப் போனவ. அன்னிக்குத்தான் அவங்க ஊடு நெறைய விருந்தாளி. வேல ரெண்டு பங்கு. மாசத்துக்கு ஒருவாட்டி மத்தியானம் மூணு மணி நேரம் வெளிய உடுவாங்க. மார்க்கெட்டாண்ட மரத்தடில நாலு பேரு குந்துவோம். பொட்டலம் பிரிச்சித் துன்னுவோம். டாக்சிக்குக் காசு குடுக்கறதுக்கு மனசு வராது, அந்த வெயில்ல நடந்தே திரும்புவோம்."

ஞானகுமாரி மீன் தட்டை அருகே இழுத்தாள். ரூவி கோவில் வாசலிலும் அப்படி வீட்டு வேலைக்கு வந்த சில பெண்கள் நிற்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் அவள் வண்டி வெளியே வரும். சீட்டு காலியாக இருந்ததே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். சில வெள்ளிகளில் இருந்தது. அவள் சரசாவின் தட்டில் இன்னும் இரண்டு துண்டு மீனை வைத்தாள்.

"போதும்க்கா. மீதிய இன்னா பண்ணப்போறீங்க? இரு, கலியமூர்த்தி அண்ணனக் கூப்புடறேன். சவூதில, தம்மாம்ல கிரேன் ஓட்டனவரு. இங்க வெள்ளிக்கெழம அவரு சம்சாரம் கறிய அடுப்பாண்டயே உடாது, பாவம், பைத்தியம் புடிச்சா மாரி சுத்திகினு கீறாரு."

கலியமூர்த்தி பத்து நிமிஷத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். கையில் அடுக்குப் பாத்திரம். உள்ளே நுழைந்ததும் அவர் கண் போன இடம், மூலையில் கிடந்த வெங்காயத் தோல்.

"அண்ணாத்தே, உரிச்சது நீயா?"

"ஆமா."

"எங்க லேபர் கேம்புலயும் ஆம்பளைங்கதான். பின்ன, பொம்பள ஏது? நூத்தி இருவது பேருக்கு உரிச்சிருக்கேன் நைனா. சொல்லு, அடுத்த வாட்டி வந்து கை குடுக்கறேன்."

"அடுத்த வாட்டி எங்க ஊட்ல" என்றாள் சரசா, கையை நக்கிக்கொண்டே. "வர்ற வெள்ளி. மத்தியானம் மெஷின நிறுத்திருவேன். எறால் போடறேன். ஊடு சின்னதுக்கா, மாவு வாளிங்கள ஒதுக்கிட்டுத்தான் குந்தணும். வருவீங்க இல்ல?"

நாள் சொன்ன அழைப்பு. ஜேசுராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னா பத்மா வரமாட்டாங்களே" என்றாள் ஞானகுமாரி.

"அவங்கள ஞாயித்துக்கெழம கூப்புடு. அவங்களுக்கு இன்னா, ஊரே இருக்குது" என்ற சரசா, ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "யக்கா, ஒரு டப்பா தனியா கட்டிக்குடேன். பாரிவாக்கத்துல வித்யான்னு ஒருத்தி கீறா. துபாய்ல நர்ஸா இருந்தவ. போன வருசம்தான் வந்தா. கால ஒடச்சிகினு மூணு மாசமா ஊட்டோட கீறா. கூடத்துல குந்திகினு சொவத்தப் பாத்துகினு கீறா. எனக்கு போன் பண்ணிப் பண்ணி அழுவா. கூட்டிகினு வர ஆளு இல்ல, பஸ்ல ஏற முடியாது. இத எடுத்துகினு போயி குடுத்தா எம்மாஞ் சந்தோசப்படுவா தெரியுமா? எப்பிடிப் போறதுன்னுதான் தெரில. ரெண்டு பஸ்ஸு மாறணும், அதுக்குள்ள ஆறிப்போயிரும்."

"என் எக்ஸெல்லு எதுக்குக் கீது?" என்றார் கலியமூர்த்தி.

"ஒன் எக்ஸெல்லுல குந்திகினு போனா நானும் கால ஒடச்சிகினு அவகூடப் படுக்கவேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானகுமாரி எழுந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து, அடியில் கறியும் மேலே சோறுமாக அழுத்தி நிரப்பினாள். மீன் நாலு துண்டை வாழையிலையில் சுற்றி மேலே வைத்து மூடினாள். டப்பாவை ஒரு துண்டில் பொதிந்து கட்டினாள். அவசரம் இல்லாமல்தான் செய்தாள்.

அப்போது ஜேசுராஜின் போன் அடித்தது. மேக்ஸ்வெல். அவர் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தார். திரையில் மகன், பின்னால் பெனிஷா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா, வீடு ஃபுல்லா ஆளா இருக்குது? யாரு இவங்கள்லாம்?"

"குவைத்தும் தம்மாமும் வந்திருக்குடா" என்றார் ஜேசுராஜ்.

"அம்மா எங்க? அம்மா, வீட்டுக்காரர் நாளைக்குக் காலைலியே வரச் சொல்லிட்டாரு. கரெக்டா சொல்லும்மா. ஒண்ணா, ரெண்டா?"

"ஞானம், புள்ள கேக்கறான் பாரு" என்றார் ஜேசுராஜ். வெங்காயம் முடிந்து எத்தனையோ நேரமாகியும் அவர் கண் இன்னும் சிவந்தே இருந்தது.

ஞானகுமாரி துண்டில் கட்டிய டப்பாவை இடது கையில் இடுக்கிக்கொண்டாள். சுவர் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தாள். அதிலிருந்த தூசியை முந்தானையில் துடைத்தாள்.

"சரசா, நீ முன் சீட்ல ஒக்காரு. நான் ரைட் பக்கம் போனா கத்து" என்றாள்.

"அம்மா, ஒண்ணா ரெண்டாம்மா?" என்றது சொம்பில் சாய்ந்திருந்த போன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.